தாங்கு என்று சொன்னது யார்?

கொல்லிமலைக்கு நான் ஊர் பார்க்கப் போகவில்லை. பறிபோன ஃபோர்மன் வேலையைத் திரும்ப வாங்கப் போனேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அருவியைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே என்று பிறகு யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. அருவிச் சத்தம் தூரத்தில் கேட்டது. போய்ப் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை.

அது ஐம்பதுகளின் கடைசி. மதராஸில் எண்ணெய் எஞ்சின் விற்கும் ஒரு கம்பெனியின் ஒர்க்‌ஷாப்பில் நாற்பது பேருக்கு ஃபோர்மனாக இருந்தேன். ஒரு நாள், சங்கிலியில் தூக்கி நிறுத்தியிருந்த எஞ்சின் நழுவி விழுந்தது. கோவிந்தன் என்கிற ஃபிட்டருக்கு வலது கையில் இரண்டு விரல்கள் போயின. கொக்கியை மாட்டியவன் நான். பக்கத்தில் ஏழு பேர் நின்றிருந்தார்கள். விசாரணையில் அந்த ஏழு பேரும், கோவிந்தன் உட்பட, "நாங்க எதையும் கவனிக்கலை" என்றார்கள். யார் கண்ணிலும் படாமல் நழுவிய கொக்கிக்கு நான் என்ன செய்வேன் என்று நானும் வாதாடினேன். மானேஜர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மறுவாரமே நான் வெளியூர் போய் எஞ்சின் மாட்டிக் கொடுக்கும் சாதாரண மெக்கானிக் ஆகிவிட்டேன்.

வைகாசியில் மானேஜர் கூப்பிட்டு அனுப்பினார். "கொல்லிமலையில ரெண்டு நாட்டுக்காரங்க சேர்ந்து சாமை குத்த ஒரு எஞ்சின் வாங்கியிருக்காங்க. மேலே ரோடு கிடையாது. ஆள் வெச்சுத்தான் தூக்கணும். மழைக்கு முன்னால, ஒருத்தர் நகம்கூடப் பெயராம ஏத்தி, ஓட்டிக் காட்டிட்டு வா. அப்புறம் ஃபோர்மன் பேச்சைப் பேசலாம்" என்றார். ஒருத்தர் நகம்கூட என்று சொன்னபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அன்றைக்கே கிளம்பிவிட்டேன்.

சேலத்துக்குத் தெற்கே பஸ் இரண்டு முறை நின்றது. முதல் முறை தண்ணீர் கொதித்தது. இரண்டாம் முறை காரணமே தெரியவில்லை. இறங்கித் தள்ளச் சொன்னார்கள். இருபது பேர் ஆளுக்கொரு பக்கமாகத் தள்ளினால் பஸ் எப்படி நகரும்? நான் ஓரமாக நின்று "இடது பக்கம் ரெண்டு பேர் வாங்க! வேட்டியை மடிச்சுக் கட்டுய்யா! எல்லாரும் ஒரே மூச்சு!" என்று குரல் கொடுத்தேன். பஸ் நகர்ந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. உள்ளே ஏறும்போது, கூடையில் கோழி வைத்திருந்த ஒரு அம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம், "பஸ்ஸு எரச்சல விட இந்த சார் எரச்சல் எச்சா இருக்குதுடி" என்று சொன்னது காதில் விழுந்தது. எஞ்சின்களுக்கு நடுவிலேயே பதினெட்டு வருஷம் வேலை செய்தவன் குரல் அப்படித்தான் இருக்கும். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

காளப்பநாயக்கன்பட்டியில் எஞ்சின் எனக்கு முன்பே லாரியில் வந்து இறங்கியிருந்தது. சாக்குப் போட்டு மூடி, வேப்பமரத்தடியில் கிடந்தது. சக்கரத்தையும் குழாய்களையும் கழற்றித் தனியாகக் கொண்டுபோகலாம். ஆனால் நடுக்கூடு ஒரே வார்ப்பு இரும்பு. அதைப் பிரிக்க முடியாது. இரண்டு நீளக் கம்புகளில் கட்டித் தொங்கவிட்டு, முன்னால் நாலு பேர், பின்னால் நாலு பேர், ஆக எட்டுத் தோளில்தான் ஏற வேண்டும். வானத்தைப் பார்த்தேன். மலை உச்சியில் மேகம் உட்கார்ந்திருந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். இந்த இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்ப்பதே அடுத்த இரண்டு நாளும் எனக்கு வேலையாகப் போயிற்று.

அங்கே கடையில் காப்பிக்குக் கருப்பட்டி போட்டிருந்தார்கள். மதராஸ் ஓட்டலில் சர்க்கரை ஒரு சிட்டிகை குறைந்தாலே சண்டைக்குப் போகிறவன் நான். அன்றைக்கு இரண்டு டம்ளர் குடித்தேன். கூடவே சந்தகை. நம் இடியாப்பத்துக்கு அண்ணன் முறை. தேங்காய்ப்பால் ஊற்றித் தந்தார்கள். உட்கார்ந்து சாப்பிட்டிருக்கலாம். நான் நின்றுகொண்டே சாப்பிட்டேன்.

மலையிலிருந்து பதினாறு பேர் இறங்கி வந்திருந்தார்கள். எட்டுப் பேர் எடப்புளி நாடு, எட்டுப் பேர் குண்டனி நாடு. அங்கே நாடு என்றால் பத்துப் பதினைந்து சிற்றூர் சேர்ந்த ஒரு பகுதி. எடப்புளிக்காரர்களுக்குத் தலைவர் போல இருந்தவர் சடையன், நாற்பது வயதிருக்கும், கட்டையான ஆள். குண்டனிக்காரர்களில் கண்ணில் பட்டவன் வெள்ளையன். பேருக்குச் சம்பந்தமே இல்லாத கறுப்பு. வாய் ஓயாது.

"ஏனுங்க மெக்கானிக்கு சார், இந்த எடப்புளிக்காரனுகள நம்பிப் போடாதீங்க. எள்ளு மூட்டைக்கே எறங்கிப் போற தோளுங்க இது" என்றான் வெள்ளையன், சடையன் தோளைத் தட்டி.

"குண்டனிக்காரன் திங்கறதுக்குத்தானுங்க குனிவான். தூக்கறதுக்குக் குனிஞ்சு ஆரும் பாத்ததில்லீங்க" என்றார் சடையன்.

பிறகு நடந்த பேச்சை அச்சில் போட முடியாது. ஒருவன் இடுப்பைப் பற்றி, ஒருவன் நடையைப் பற்றி, ஒருவன் மாடு இவனைப் பார்த்துச் சிரித்ததைப் பற்றி. என் ஒர்க்‌ஷாப்பில் இரண்டு பேர் இப்படிப் பேசியிருந்தால் இரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். நாட்டுக்கு நாடு ஏதோ பழைய பகை என்று முடிவு கட்டினேன். பகையாளிகளை ஒரே கம்பில் கட்டினால் எஞ்சின் பள்ளத்தில்தான் கிடக்கும். ஆகவே ஒரு நல்ல ஏற்பாடு செய்தேன். எட்டு எடப்புளிக்காரர்களும் ஒரே வகையறா, அண்ணன் தம்பிகள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ரத்த சம்பந்தம், கேலிப் பேச்சு இருக்காது, ஒத்துப் போவார்கள். எஞ்சின் அவர்களுக்கு. குண்டனிக்காரர்கள் சக்கரத்தையும் சில்லறைச் சாமான்களையும் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட வேண்டும்.

"அப்ப நாங்க தனியாவுங்களா?" என்றான் வெள்ளையன். முதல்முறையாக அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

சடையன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்க" என்றார்.

அதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். எனக்கு அந்த 'ஒண்ணுமில்லை' மிகவும் பழக்கமான பதில். மதராஸில் நாற்பது பேர் தினமும் எனக்கு அதைத்தான் சொல்வார்கள்.

மறுநாள் விடிந்ததும் அடிவாரத்திலிருந்து ஏறினோம். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கவைக்கோல் இருந்தது. தலை இரண்டாகப் பிரிந்த தடி அது. களைத்தால் கம்புக்கு அடியில் அதை முட்டுக் கொடுத்து நின்றுகொள்ளலாம், தோளுக்கு ஓய்வு. ஆனால் அன்று காலை அதை யாருமே பயன்படுத்தவில்லை. எட்டுப் பேரும் வாய் திறக்காமல், மூச்சு மட்டும் விட்டுக்கொண்டு ஏறினார்கள். சடையனுக்குப் பக்கத்துத் தோள் பொன்னன், அவருடைய சித்தப்பா மகன். முப்பது வயது, பார்க்கப் பலசாலி. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நினைத்ததைவிட வேகம். மானேஜர் முன்னால் போய் நிற்கிற காட்சியை நான் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

வழியெல்லாம் பலாவாசனை. மரத்தின் அடியிலேயே, கை எட்டுகிற உயரத்தில் காய்த்துத் தொங்கியது. மதராஸ் மூர் மார்க்கெட்டில் ஒரு சுளைக்குப் பேரம் பேசுகிறவனுக்கு அது அநியாயமாகத் தெரிந்தது. ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்காமல் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

பாதி மலையில் ஒரு திருப்பம். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். பொன்னனின் முழங்கால் நடுங்குவது எனக்குத் தெரிந்ததா என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். தெரியவில்லை என்றுதான் சொல்லவேண்டும், நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பு சாய்ந்தது. ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். எஞ்சின் கயிற்றைப் பிய்த்துக்கொண்டு உருண்டு, பள்ளத்து ஓரத்தில் நின்ற ஒரு பலாமரத்தில் மோதி நின்றது. அந்த மரம் இல்லையென்றால் எஞ்சினைத் தேடிக் கீழேதான் போயிருக்க வேண்டும். பொன்னன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எஞ்சின் அவன் காலை உரசிக்கொண்டு போயிருந்தது. ஒரு சாண் இந்தப் பக்கம் வந்திருந்தால் காலே போயிருக்கும்.

 பயம் வந்தால் எனக்கு அது கத்தலாகத்தான் வெளியே வரும். "முடியலைன்னா சொல்லக் கூடாதா? வாயில என்ன வெச்சிருந்தே? பக்கத்துல நின்னவன் எல்லாம் என்ன பண்ணினீங்க?"

 எட்டுப் பேரும் தரையைப் பார்த்தார்கள். விசாரணையில் அந்த ஏழு பேரும் இப்படித்தான் தரையைப் பார்த்தார்கள் என்று ஏனோ அப்போது ஞாபகம் வந்தது. அந்த ஞாபகம் எனக்குப் பிடிக்கவில்லை. எழுந்து போய்ப் பாறைமேல் உட்கார்ந்தேன். ஒரு நிமிஷம்கூட உட்கார முடியவில்லை. மறுபடி எழுந்தேன்.

உச்சி வேளைக்கு மேலிருந்து ஒரு பெண் கூடையோடு இறங்கி வந்தாள். சடையனின் மனைவி பாப்பாயி. ராகிக் களியும் மொச்சைக் குழம்பும் கொண்டுவந்திருந்தாள். சாய்ந்து கிடந்த எஞ்சினைப் பார்த்தாள். பொன்னன் காலைப் பார்த்தாள். பச்சிலை அரைத்துக் கட்டினாள். பிறகு என் கையில் களியை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஏனுங்க, இவிகள இப்பிடி நிறுத்துனது ஆருங்க?"

"நான்தான். எல்லாரும் அண்ணன் தம்பிங்க. ஒத்துமையா தூக்குவாங்கன்னு நெனச்சேன்!"

"கிட்டத்தானுங்களே நிக்கறேன், மெல்லவே சொல்லுங்க." காதைத் தேய்த்துக்கொண்டாள். "அண்ணன் தம்பி ஒத்துமையாத்தானுங்க இருப்பாங்க. அதுக்கோசரம் கால் நடுங்குதுன்னு அண்ணங்கிட்டத் தம்பி சொல்லுவானுங்களா? பங்காளிகிட்டச் சொன்னா ஊட்டுக்கே கொறச்சலுங்க. பக்கத்துல பாக்கறவனும் சொல்ல மாட்டான். அவனும் பங்காளிதானுங்களே."

"அப்போ யார்தான் சொல்றது?"

"மச்சாந்தானுங்க! மச்சானுக்கு எப்பக் கால் நடுங்கும், எப்பச் சிரிக்கலாம்னு பாத்துக்கிட்டு வாரதுதானுங்களே மச்சானுக்கு வேலை." அவளே சிரித்துவிட்டாள். "எங்க ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவிகள்ல பாதிப் பேரு குண்டனி நாட்டுப் பொறப்புங்க. நானும்தான். அந்த வெள்ளையன் என்ற தம்பி. நீங்க அவனச் சக்கரம் தூக்க உட்டுப்போட்டீங்க."

 நேற்றுக் காப்பிக் கடையில் நான் கேட்டது பகை இல்லை. பெண் கொடுத்து எடுத்தவர்கள் பேசுகிற பேச்சு. மாமன் மச்சான் கேலி என்ன என்று தெரியாதவனா நான்? என் அக்கா கல்யாணத்தில் என் மாமாவின் செருப்பை ஒளித்து வைத்தவன். ஆனால் வேலை என்று வந்துவிட்டால் எனக்குக் காது வேறு மாதிரிக் கேட்கும். சிரிப்புச் சத்தம் கேட்டால் வேலை நடக்கவில்லை என்று அர்த்தம். பதினெட்டு வருஷமாக அப்படித்தான்.

"இதை உங்க வீட்டுக்காரர் நேத்தே சொல்லியிருக்கலாமே" என்றேன் எரிச்சலோடு.

பாப்பாயி சடையனைப் பார்த்தாள். சடையன் களியை உருட்டிக்கொண்டே, "சொல்ல வந்தனுங்க" என்றார். அவ்வளவுதான். எனக்கு முகம் சுட்டது.

ஆள் போய் வெள்ளையனும் மற்ற குண்டனிக்காரர்களும் இறங்கி வந்தார்கள். வெள்ளையன் எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். "மாமோவ், மரத்தத் தள்ளச் சொன்னாங்களா, எஞ்சினத் தூக்கச் சொன்னாங்களா?" என்றான். காலையிலிருந்து மூடிக் கிடந்த அத்தனை வாயும் திறந்துகொண்டன. பொன்னன்கூட வலியோடு சிரித்தான்.

அவர்களே ஜோடி பிரித்தார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு எடப்புளி, ஒரு குண்டனி. ஒவ்வொரு மாமனுக்கும் பக்கத்துத் தோளில் ஒரு மச்சான். சடையனோடு வெள்ளையன். காலில் கட்டுப் போட்ட பொன்னனுக்குத் தூக்குகிற வேலை இல்லை, கோலை ஊன்றிக்கொண்டு பின்னால் வரலாம் என்றார்கள். பிறகு வெள்ளையன் என்னிடம் வந்தான்.

"சார், ஒரு பேச்சு வெச்சுக்கலாமுங்க. ஆரு வேணும்னாலும் 'தாங்கு'ன்னு சொல்லலாம். சொன்னா அந்த நிமிஷமே எட்டுக் கோலும் கம்புக்கு அடியில போயிரோணும். ஆரு சொன்னது, எதுக்குச் சொன்னதுன்னு கம்பு கோலுமேல நிக்கற வரைக்கும் ஒருத்தரும் கேக்கப்படாது. நீங்களும்தானுங்க."

"சரி" என்றேன். சொல்லும்போது அது சுலபமாகத்தான் இருந்தது.

எஞ்சினை மறுபடி கம்பில் கட்டினோம். அறுந்தது அவர்கள் கட்டிய கட்டு. ஆகவே இந்தத் தடவை நடு முடிச்சை நானே போட்டேன். "ஆள் நிறுத்தறது உங்க இஷ்டம். முடிச்சு என் தொழில்" என்றேன். யாரும் மறுப்புச் சொல்லவில்லை. அன்று மாலை வரை ஏறி, ஒரு சுனைக்குப் பக்கத்தில் எஞ்சினை இறக்கினோம்.

மூன்றாம் நாள் ஏறிய ஏற்றத்தை என்னால் மறக்க முடியாது. எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. இருபது அடிக்கு ஒரு தாங்கு! "எங்க மாமனுக்கு மூச்சு வாங்குது, காளை செனை மாடு ஆயிப்போச்சு, தாங்கு!" என்பான் வெள்ளையன். எட்டுக் கோலும் டக்கென்று ஊன்றும். எல்லாரும் சிரிப்பார்கள். சடையன் மூச்சு வாங்கிக்கொள்வார். கொஞ்ச தூரம் போனதும் அவர், "மச்சானுக்குக் குதிகால்ல ரத்தம். எம்மேல பழி வந்துரும், தாங்கு!" என்பார். தன்னைப் பற்றி ஒருவனும் சொல்லிக்கொள்ளவில்லை. அடுத்தவனைப் பற்றி ஒருவனும் சொல்லாமல் விடவில்லை. நான் கடிகாரத்தைப் பையில் போட்டேன், மறுபடி எடுத்தேன், மறுபடி போட்டேன். கடைசியில் கணக்குப் பார்த்தால் நேற்றுக் காலை வாய் மூடி ஓடிய வேகத்துக்கு இது ஒன்றும் குறைவாக இல்லை. விழாதவன் எழுந்திருக்க நேரம் செலவு செய்ய வேண்டியதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பிற்பகலில் தூறல் விழ ஆரம்பித்தது. கடைசி ஏற்றம். மேலே, எஞ்சின் நிற்கப்போகும் கொட்டகையின் கூரையே தெரிந்தது. பாப்பாயியும் இன்னும் நாலைந்து பெண்களும் அங்கே நின்று கையசைத்தார்கள். மழை வலுத்தால் பாதை வழுக்கும், அப்புறம் ஒரு அடி ஏற முடியாது.  இன்னும் நூறு அடி. வெறும் நூறு அடி.

"தாங்கு."

சின்னக் குரல். பின்னாலிருந்து. யார் என்று தெரியவில்லை. எட்டுக் கோலும் ஊன்றின.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. எந்தச் சோம்பேறி அது? கூரை தெரிகிறது, மழை வருகிறது, இப்போதா? வாயைத் திறந்துவிட்டேன். சத்தம் தொண்டை வரை வந்துவிட்டது. வெள்ளையன் கம்புக்கு அடியிலிருந்து தலையைத் திருப்பி என்னையே பார்த்தான். சிரிக்கவில்லை. எட்டுப் பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் வாயை மூடினேன். வாயை மூட அவ்வளவு பலம் வேண்டும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

கம்பு கோல்களின்மேல் நன்றாக நின்றபிறகு, பொன்னன் நொண்டிக்கொண்டு முன்னால் வந்தான். எஞ்சினுக்கு மேலே விரல் நீட்டினான்.

"முடிச்சுங்க."

பார்த்தேன். நனைந்த நார்வடத்தில் என் முடிச்சு நழுவிக்கொண்டிருந்தது. கயிற்று நுனி நாலு விரல் அளவுதான் மிச்சம். இன்னும் பத்தடி, மிஞ்சிப்போனால் இருபதடியில் அவிழ்ந்திருக்கும். எஞ்சினுக்குக் கீழ்ப்பக்கம், கம்பின் பின்முனையில் சடையனும் வெள்ளையனும் நின்றிருந்தார்கள். 

"எப்ப பார்த்தே?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"காத்தாலயிருந்தே பாத்துக்கிட்டுத்தானுங்க வாரேன். கொஞ்சம் கொஞ்சமா உட்டுக்கிட்டே வந்துதுங்க."

"காலையிலிருந்தா! ஏன் அப்பவே சொல்லலை?"

பொன்னன் தரையைப் பார்த்தான். "நீங்க போட்ட முடிச்சுங்களே" என்றான்.

சடையன் முடிச்சை அவிழ்த்து, அவர் பழக்கப்படி வேறொன்று போட்டார். நான் கயிற்றைப் பிடித்துக்கொடுத்தேன். மழை கொட்ட ஆரம்பிப்பதற்கும் எஞ்சின் கொட்டகைக்குள் நுழைவதற்கும் சரியாக இருந்தது. எல்லாரும் கூச்சல் போட்டுச் சிரித்தார்கள். நான் ஒரு மூலையில் நின்று கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. வேறு எந்த வார்த்தையும் சரியாக வராது.

எஞ்சினைப் பொருத்த இரண்டு நாள் ஆயிற்று. பலாச்சுளையைத் தேனில் தொட்டுத் தின்னத் தந்தார்கள். சாமைச் சோறும் தந்தார்கள். நம் பச்சரிசியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதலில் குருணை போலத் தெரிந்தது. மூன்றாவது கவளத்தில் அந்த எண்ணம் போய்விட்டது. ஆறாம் நாள் காலை எஞ்சின் புகையைத் துப்பிவிட்டு ஓடத் தொடங்கியது. அது சுழற்றிய குத்து மெஷினில் முதல் படிச் சாமையைப் பாப்பாயிதான் கொட்டினாள். உலக்கை பிடித்துக் காய்த்துப்போன கையை விரித்து, தவிடு நீங்கி வந்த அரிசியை ஏந்திப் பார்த்தாள்.

"இத்தன சீக்கிரமா குத்திப்போட்டா, விடிகாலைல நாங்க பொண்டுக என்னத்தப் பேசிக்கிட்டு நிக்கறது?" என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "தூங்கலாம்" என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள்.

இறங்கும்போது வெள்ளையன் துணைக்கு வந்தான். எனக்கென்று ஒரு பெரிய பலாப்பழத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தான். பொன்னன் காலையிலிருந்து சொல்லாமல் வந்தது என்னை விடாமல் அரித்துக்கொண்டிருந்தது. வழியில் பாதி நேரம் நான் பேசவே இல்லை. வெள்ளையனுக்கு அது தாங்கவில்லை.

"உங்க ஆலையில உங்களுக்கு மச்சான் மொறை ஆருங்க?"

"அங்கே எல்லாம் அப்படி இல்லை. எல்லாரும் வேலைக்காரங்க."

"சரிங்க. உங்களக் கிண்டல் பண்றது ஆருங்க?"

"யாரும் பண்ண மாட்டாங்க. நான் ஃபோர்மன்."

"திட்டறது?"

"என்னை யாரு திட்டுவாங்க?"

வெள்ளையன் பழத்தைத் தலையிலிருந்து இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். அவன் கண்ணில் கேலியே இல்லை. உண்மையாகவே வருத்தப்பட்டான். "அட பாவமே" என்றான். பிறகு பழத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

ரயில் பெட்டி முழுக்கப் பலாவாசனை. பக்கத்தில் இருந்தவர்கள் முதலில் மூக்கைப் பொத்தினார்கள், பிறகு பழம் விலைக்கா என்று கேட்டார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏழு பேர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்ற காட்சியே திரும்பத் திரும்ப வந்தது. சென்ட்ரலில் இறங்கி நேரே ஆபீசுக்குப் போனேன். மானேஜர் கடிதத்தைத் தயாராக வைத்திருந்தார்; பொன்னன் காலைப் பற்றிச் சொன்னபிறகும் அதை நீட்டினார். மறுபடி ஃபோர்மன். நாளைக் காலையிலிருந்து. இந்த ஒரு தாளுக்காகத்தான் நான் மூன்று மாதமாகத் துடித்தேன். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கேட்டுக்குப் போனேன்.

விரல் போனபிறகு கோவிந்தனைக் கேட்டில் வாட்ச்மேனாகப் போட்டிருந்தார்கள். ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவன் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். பழத்தை அவன் காலடியில் வைத்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நேராகவே கேட்டேன்.

"கோவிந்தா, அன்னைக்குக் கொக்கி நழுவினதை நீ பார்த்தியா?"

 இடது கையால் வலது கையை மூடிக்கொண்டான்.

"பார்த்தேன் சார். எல்லாருந்தான் பார்த்தோம்."

"சொல்லியிருக்கலாமேடா!"

"யார்கிட்ட சார்?"

அவன் அதைக் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்பவனைப் போலக் கேட்டான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன், மறுபடி பையில் வைத்தேன்.

"நாளையிலிருந்து நீ உள்ளே வரணும். எஞ்சின் தூக்கும்போதெல்லாம் சங்கிலிக்குப் பக்கத்துல நிக்கணும். கை வைக்க வேண்டாம். எது கோணலா தெரிஞ்சாலும் 'தாங்கு'ன்னு சொல்லு. நான் மாட்டின கொக்கியா இருந்தாலும் சொல்லு. அந்த நிமிஷம் எல்லாரும் நிப்பாட்டிடுவோம். நானும் நிப்பாட்டிடுவேன். ஏன்னு கேக்க மாட்டேன்."

கோவிந்தன் என்னை நம்பவில்லை. மேலும் கீழும் பார்த்தான். பலாப்பழத்தைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டான். அந்த மூடலை இப்போது எனக்கு அடையாளம் தெரிந்தது.

"என்ன? சொல்லு."

"ஒண்ணுமில்லை சார்."

"ஒண்ணுமில்லைன்னு சொல்லாதே. சொல்லு!"

"நெசமாவே சொல்லலாமா?"

"சொல்லுன்னா!"

"கொஞ்சம் கத்தாம பேசுங்க சார்."

நான் எங்கே கத்தினேன் என்று கேட்கப் போனவன், திரும்பிப் பார்த்தேன். ஒர்க்‌ஷாப் வாசலில் நாற்பது பேரும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன்.